மந்திரி ஆகாதவரைப் பற்றி, மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழைக்காலம் என்பதால் அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாமல், தைலத்தைத் தேய்த்துவிட்டு, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹாம்பர்க்கில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனிலேயே பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் போன் பேச்சு உனக்குத் தெரியும். நீ ரயிலில் இருப்பாய், நான் அடுப்படியில் இருப்பேன், பாதிப் பேச்சு "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். தீபாவளி அன்று ஒன்று, அதற்கடுத்த புதன்கிழமை ஒன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் முதலாவதைப் பற்றி எனக்குப் பேச வரும்.

நவம்பர் 15, புதன்கிழமை. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தோழர் சங்கரய்யா இறந்துவிட்டார் என்று காலையில் செய்தி வந்ததிலிருந்தே அப்பா யாரோடும் சரியாகப் பேசவில்லை. நீ கூப்பிட்டபோதும் அப்படித்தான் இருந்தார். "நூறு வயசு தாண்டி நிறைவா வாழ்ந்தவர்தானேம்மா? ஒரு மந்திரிகூட ஆகல. அப்பா ஏன் இப்படி இடிஞ்சு போயிட்டார்?" என்று கேட்டாய். நீ இளக்காரமாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியது 2002-ல். அப்போது நீ சின்னப் பிள்ளை. உனக்கு விவரம் தெரிந்த பிறகு நீ பார்த்ததெல்லாம் கார் வரிசையும் கட்அவுட்டும் ஆளுயர மாலையும்தான். அரசியல்வாதி என்றால் இப்படித்தான் என்று உனக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

மந்திரி ஆகவில்லை என்பது உண்மை. 1967-ல் மதுரை மேற்கு, 1977-லும் 1980-லும் மதுரை கிழக்கு என்று மூன்று முறை நம் ஊரிலிருந்து எம்.எல்.ஏ. ஆனார். பதவி என்று சொன்னால் அவ்வளவுதான்.

அவரை நான் முதலில் பார்த்தது 1977 தேர்தல் சமயத்தில். எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கூட்டம். தாத்தா கதர் கட்டிய காங்கிரஸ்காரர், அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அவரே போய்க் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போய்விட்டேன். என்ன பேசினார் என்று எனக்கு இப்போது ஒன்றும் நினைவில்லை. குரல் மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. சிங்கம் மாதிரிக் குரல் என்று கட்சிக்காரர்கள் சொல்வது சும்மா புகழ்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாத்தா, "ஆளு பேசுறது எனக்கு ஒத்துவராது. ஆனா பொய் பேசுறவன் இல்ல" என்றார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைப் பற்றித் தாத்தா வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

சரி, இதெல்லாம் தூரத்தில் நின்று பார்த்தது. அந்தக் கட்சி எனக்குக் கிட்டத்தில் வந்தது 1997-ல், நாம் வில்லாபுரத்தில் குடியிருந்தபோது. உனக்கு மூன்று வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலால் குடத்தைத் தள்ளித் தள்ளி வரிசையில் நகர்த்தியது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் நம் தெருக்களுக்கு வரவில்லை. குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். கைத்தறி நெய்கிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம். தறியில் உட்கார்ந்தால் கூலி, எழுந்து தண்ணீருக்குப் போனால் அந்த நேரத்துக் கூலி போச்சு. தண்ணீருக்குக் கொடுக்கும் காசு தனி.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் வார்டில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் நின்று ஜெயித்தவர் லீலாவதி. அவரும் நெசவுக் குடும்பத்துப் பெண்தான். கவுன்சிலர் ஆன பிறகும் எங்களைப் போலவே குடத்தைப் பற்றி யோசித்தவர். மாநகராட்சிக்கு நடையாக நடந்து, குழாய்த் தண்ணீர் வருவதற்கு ஏற்பாடு செய்தார். தண்ணீரை விற்று வயிறு வளர்த்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில், நடுத்தெருவில் வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள்.

பாப்பா, இந்தக் கதையை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது நீ வளர்ந்துவிட்டாய், சொல்லலாம். தெருவில் எந்த வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை. எல்லோருக்கும் பயம். அடுத்தது யாரோ என்று. அந்த நேரத்தில் கட்சிக்காரர்கள் ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஒதுங்கவில்லை. ஊர்வலம், கூட்டம், வழக்கு என்று விடாமல் நின்றார்கள். கொன்றவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குழாயிலும் தண்ணீர் வந்தது. அந்தக் குழாயடியில் நான் தண்ணீர் பிடித்திருக்கிறேன், நீ அதில் குளித்து வளர்ந்திருக்கிறாய்.

அந்த ஆண்டுகளில் கட்சிக்கு மாநிலச் செயலாளராக இருந்தவர் சங்கரய்யா. 1995-ல் பொறுப்புக்கு வரும்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிற வயது. அப்போது தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தன. லீலாவதி போன இரண்டு மாதத்தில், ஜூன் 30 அன்று, நம் மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் வெட்டினார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக. எந்தச் சாதிக்காரர் மனமும் கோணாமல் இரண்டு வார்த்தை இரங்கல் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வதே ஓட்டுக் கட்சிகளுக்குச் சௌகரியம். தீண்டாமைக்கு எதிராக மாநாடு போட்டுப் பேசினால் ஓட்டுக் கூடாது, குறையத்தான் செய்யும். அவர் பேசினார், கட்சியைப் பேச வைத்தார். அதற்குக் கட்சி விலையும் கொடுத்திருக்கும். நான் கட்சி உறுப்பினர் இல்லை, உங்கப்பா மாதிரி சங்கத்து ஆளும் இல்லை. சத்துணவுக் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதற்கே எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதனால் ஊர் நடுவில் மேடை போட்டு அதைச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்பதும் எனக்குத் தெரியும்.

மந்திரி ஆனால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. எனக்குச் சோறு போட்ட சத்துணவுத் திட்டமே ஒரு முதலமைச்சர் கையெழுத்தில் 1982-ல் வந்ததுதான். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லாதவர்கள் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கே வாழ்நாள் முழுவதையும் கொடுத்தவர் அவர். எண்பது வருடத்துக்கும் மேலாக.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் குடும்பம் கோவில்பட்டிப் பக்கம். மதுரைக்குப் படிக்க வந்து 1937-ல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். ஆமாம், நீ படித்த அதே கல்லூரி, கோரிப்பாளையத்தில் நீ பஸ் இறங்கி ஓடுவாயே, அதே வாசல். வரலாறு பாடம். மாணவர் சங்கத்தில் முன்னால் நின்றார், வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். 1941-ல் பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது. வேலூர்ச் சிறை, ராஜமுந்திரிச் சிறை. வேலூரில் காமராஜரும் அப்போது கைதியாக இருந்தார்.

உன் கடைசி செமஸ்டர் நினைவிருக்கிறதா? வீட்டில் டிவி போடவில்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை, அப்பா செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். ஒரு பட்டத்துக்காக ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்று நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தால் அரசாங்க வேலை, வக்கீல் படிப்பு என்று வழி திறந்துவிடும். அவருடைய அம்மாவைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். பதினைந்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அந்த அம்மா கேட்டிருப்பார், நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

விடுதலையாகி வந்தார், மறுபடி உள்ளே போனார். 1946-ல் மதுரைச் சதி வழக்கு என்று ஒன்று போட்டார்கள். பி.ராமமூர்த்தி முதலான கம்யூனிஸ்ட் தலைவர்களோடு இவரையும் சேர்த்தார்கள். அந்த வழக்கிலிருந்து வெளியே விட்டது 1947 ஆகஸ்ட் 14 அன்று. விடிந்தால் சுதந்திரம். அன்று இரவு மதுரையே தூங்கவில்லை என்று தாத்தா சொல்வார். கையில் கொடியோடு மாசி வீதிகளையெல்லாம் சுற்றி வந்தாராம். ஊரெல்லாம் பேச்சு சுதந்திரத்தைப் பற்றிப் பாதி, சிறையிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பாதி.

சுதந்திரம் வந்ததும் சிறை முடிந்துவிடவில்லை. கட்சிமீது அடக்குமுறை வந்தபோது தலைமறைவு. 1962 சீனப் போரின்போது கைது, 1965-ல் திரும்பவும் கைது. மொத்தமாகக் கூட்டினால் சிறையில் எட்டு ஆண்டு, தலைமறைவில் மூன்று ஆண்டு.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதென்று தீர்மானம் போட்டது. தேர்வு எழுத விடாமல் 1941-ல் பிடித்துப் போன அதே ஊரில், வேலூரில் அவர் கைதியாக இருந்தபோது அங்கே கைதியாக இருந்தவரின் பெயரில் உள்ள பல்கலைக்கழகம். வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா நடந்தது, அவர் பெயர் இல்லாமல். உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அந்த விழாவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். அதற்குள் பதினைந்தாம் தேதி வந்துவிட்டது. அப்பா இடிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தாளில் ஒரு கையெழுத்து. அதைக் கொடுக்க மனம் வரவில்லையே என்று அவருக்கு ஆறவே இல்லை. எனக்கும் கோபம்தான். பட்டம் இல்லாததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதைக் கொடுத்திருந்தால் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமையாக இருந்திருக்கும். அது போய்விட்டதே என்பதுதான்.

அவர் பட்டத்துக்காகக் காத்திருந்த ஆள் இல்லை. சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு அரசு கொடுக்கும் ஓய்வூதியத்தையே வேண்டாம் என்றவர். 2021-ல் தமிழ்நாடு அரசு 'தகைசால் தமிழர்' என்று ஒரு விருதை ஏற்படுத்தி முதல் விருதை அவருக்குக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய். கொரோனா இரண்டாம் அலை அடித்துப் போட்ட வருடம் அது. அந்தப் பணம் முழுவதையும் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, முழுநேர ஊழியருக்குக் கட்சி கொடுக்கும் தொகையில்தான் வாழ வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி வாழ்ந்து பழகியவருக்குப் பத்து லட்சத்தை விட்டுக் கொடுப்பது கஷ்டமாக இருந்திருக்காது என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு என்று ஒன்று இருந்தால் மருந்துச் செலவு இருக்கும், பேரப்பிள்ளை படிப்பு இருக்கும். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், இருந்தும் கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்காதே. அந்தக் கட்சி எடுத்த முடிவுகளில் எனக்கு ஒப்பாதவை உண்டு. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கம்யூனிஸ்ட் கட்சி சேராமல் நின்றது. அதைத் தாத்தா கடைசி வரை மன்னிக்கவில்லை, உங்கப்பாவோடு ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் அதை வைத்துச் சண்டை போடுவார். அந்த விஷயத்தில் நான் தாத்தா பக்கம்தான். அப்புறம் 1964-ல் கட்சி இரண்டாக உடைந்தது. டெல்லியில் நடந்த தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்து வந்தார்கள். அதில் இவரும் ஒருவர். ஒன்றாக இருந்திருந்தால் இன்னும் பலமாக இருந்திருப்பார்களோ என்று ஒரு சாதாரணப் பெண்ணாக எனக்குத் தோன்றும். அப்பாவிடம் சொன்னால் ஒரு மணி நேரம் விளக்கம் கொடுப்பார். அந்த 32 பேரில் சங்கரய்யாவுக்குப் பிறகு மிஞ்சியவர் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் வி.எஸ்.அச்சுதானந்தன் ஒருவர்தான்.

கருத்து வேறு, ஆள் வேறு. அதை நான் தாத்தாவிடம் கற்றுக்கொண்டேன்.

இறுதி ஊர்வலத்தை டிவியில் பார்த்தோம். அரசு மரியாதை கொடுத்தார்கள், துப்பாக்கி முழங்கினார்கள். அப்பா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது, தேடியது, கடைசியில் அதே போலீஸ் வரிசையாக நின்று சல்யூட் அடித்தது. எனக்கு அந்த நேரத்தில் நவமணி அம்மாவின் நினைப்புத்தான்.

அவரைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். சங்கரய்யாவின் மனைவி. ஆசிரியை. கிறிஸ்தவப் பெண். ஆகஸ்ட் 14 சிறையிலிருந்து வந்தவர், செப்டம்பர் 18 அன்று நவமணியைத் திருமணம் செய்துகொண்டார். 1947-ல், பாப்பா. மதுரையில். சாதி விட்டுச் சாதி கட்டினாலே ஊர் இரண்டுபடும் காலத்தில் மதம் விட்டு மதம். அதுவும் மாப்பிள்ளைக்குப் பட்டம் இல்லை, வேலை இல்லை, சொத்து என்று சொல்ல ஒரு கட்சி, அதுவும் சீக்கிரமே தடைக்குள் போகப் போகிற கட்சி. அந்தப் பெண் இதையெல்லாம் தெரிந்துதான் சரி என்றிருக்கிறார். கல்யாணம் ஆன மறு வருடமே அடக்குமுறை தொடங்கி, இவர் தலைமறைவாகிவிட்டார். வீட்டுக் கதவை இரவில் யாராவது தட்டினால் போலீஸா, புருஷனா என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. அவர் பட்ட சிறையை எட்டு வருடம் என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதினார்கள். இந்த அம்மா வெளியே இருந்து பட்டதை யார் கூட்டிச் சொன்னார்கள்? ஒரு வரி, இரண்டு வரி. அதற்கு மேல் நான் எங்கும் பார்க்கவில்லை. அவரும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசாத தலைவர் தமிழ்நாட்டில் கிடையாது. வீட்டில் ஒரு கல்யாணம் என்று வரும்போதுதான் தெரியும். சங்கரய்யா வீட்டில் அது அவரோடு முடிந்துவிடவில்லை. பிள்ளைகள், அதற்கடுத்த தலைமுறை என்று அந்தக் குடும்பத்தில் சாதி தாண்டியும் மதம் தாண்டியும் நடந்த திருமணங்கள் ஏராளம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் சொன்னதில் செய்யாதது என்ன என்று தேடினால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்பா அழுதது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மந்திரியாக இருந்தவர்கள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இவர் ஒருவர் போனதற்குத்தான் உங்கப்பா சாப்பிடாமல் படுத்தார்.

இனி தீபாவளி அன்று நீ சொன்ன விஷயம்.

நாகர்கோவில் பையன், உன்னோடு வேலை பார்க்கிறான், கிறிஸ்தவன் என்று சொன்னாய். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாய். நான் அன்று பட்டும் படாமலும் இருந்தேன். அப்பாவிடம் பேசாமல் சொல்லக் கூடாது என்பதால் அப்படி இருந்தேன். அப்பாவிடம் பதினாறாம் தேதி ராத்திரி பேசினேன். ஊர்வலம் முடிந்து டிவியை அணைத்த பிறகு. "1947-ல அவங்க செஞ்சதை 2023-ல நாம யோசிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பையன் நல்லவனா, குடிக்க மாட்டானான்னு மட்டும் கேளு" என்றார். அதை நீ எனக்கு நேராகச் சொல்ல வேண்டும், மழுப்பாமல். கேட்பது அப்பா மட்டுமில்லை, நானும்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். இதை எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

பெரியப்பா வீட்டில் சத்தம் வரும். குலதெய்வக் கோயில், பங்காளி, ஊர் என்ன சொல்லும் என்று எல்லாம் வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போனில் யாரிடமும் எதிர்த்துப் பேசாதே. தாய்மாமாவிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன். என் தம்பி முதலில் முறைப்பான், பிறகு மாலை எடுத்துக் கொடுக்க அவன்தான் முன்னால் நிற்பான். பையன் வீட்டில் அவனுடைய அம்மாவுக்கு என்ன மனக்கஷ்டம் இருக்கிறது என்று நீ தெரிந்துகொள். மதம் மாறிக்கொள் என்று உன்னையும் யாரும் கேட்கக் கூடாது, அவனையும் நாம் கேட்கப் போவதில்லை. இதை மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அப்பா அதற்குள் விசாரித்துவிட்டார். இரண்டு பேரும் மதம் மாறாமல் பதிவு செய்வதற்கு 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது இந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது தங்கியிருக்க வேண்டும். ஆகப் பத்து நாள் லீவில் வந்து முடித்துவிட்டுப் போகிற காரியம் இல்லை. உங்கள் ஆபீஸில் எவ்வளவு லீவு சேர்த்துக் கொடுப்பார்கள், இங்கிருந்தபடியே வேலை பார்க்க விடுவார்களா என்று இப்போதே கேட்டு வை. பாஸ்போர்ட், பிறந்த தேதிச் சான்று எல்லாம் அசலாகக் கொண்டுவர வேண்டும். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இங்கே பீரோவில் இருக்கிறது, தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, முடிந்தால் அவனையும் கூட்டி வா. முதலில் நம் வீடு, அப்புறம் நாகர்கோவில். அவன் மீன் குழம்பில் தேங்காய் அரைத்துச் சாப்பிடுகிற ஊர்க்காரன். நான் வைக்கும் குழம்பு அவனுக்குப் பிடிக்குமா, தேங்காய் அரைத்து வைக்க வேண்டுமா என்று கேட்டுச் சொல். அப்பா உனக்கு ஏதோ இரண்டு வரி எழுதித் தருகிறேன் என்றார், எழுதினால் அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா
மதுரை, நவம்பர் 2023